மாவுருண்டைக்கும் 'புரதம் செறிந்தது' என்று போடலாம்

வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவு 50 கிராம், பொடித்த சீனி 30 கிராம், உருக்கிய நெய் 20 கிராம். சூடு ஆறுவதற்குள் பிடித்து வைத்தால் நூறு கிராம் மாவுருண்டை. செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் மாவும் சீனியும் சரிக்குச் சரி போடுவார்கள். இது சீனியைக் கொஞ்சம் அடக்கிய கணக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணைப்படி, நூறு கிராம் பாசிப்பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம். அப்படியானால் நம் மாவுருண்டையில் நூற்றுக்கு 12 கிராம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (பொதுவழக்கில் எஃப்எஸ்எஸ்ஏஐ) விளம்பரம், கூற்றுகள் பற்றிய விதிமுறைகள் 2018-இல் வந்தன; 2019 ஜூலை முதல் நடப்பில் உள்ளன. திட உணவு நூறு கிராமில், பெரிய ஆள் ஒருவரின் நாள் தேவையில் 10 சதவீதப் புரதம் இருந்தால் 'புரதம் உள்ளது' என்று பொட்டலத்தில் போடலாம். 20 சதவீதம் இருந்தால் 'புரதம் செறிந்தது' என்றே போடலாம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாள் தேவை 54 கிராம் என்பது 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதில் 20 சதவீதம் 10.8 கிராம். மாவுருண்டை தேறிவிட்டது.

இனி அதே உருண்டையின் மறுபக்கம். நூறு கிராமில் சுமார் 460 கலோரி. புரதத்தால் வருவது அதில் பத்தில் ஒரு பங்குதான். சேர்த்த சீனி 30 கிராம், அதாவது ஒரு நாளைக்கு உச்சமாக லேபிள் கணக்கில் எடுத்துக்கொள்ளும் 50 கிராமில் அறுபது சதவீதம். நெய்யிலிருந்து வரும் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) நாள் அளவான 22 கிராமில் பாதியைத் தாண்டும். ஒரு முட்டையின் புரதம் வேண்டுமென்றால் 25 கிராம் உருண்டை இரண்டு சாப்பிட வேண்டும். கூடவே 15 கிராம் சீனியும் 10 கிராம் நெய்யும் உள்ளே போகும்.

மாவுருண்டையைக் குறை சொல்வதற்காக இந்தக் கணக்கைப் போடவில்லை. தீபாவளிக்கும் சீர் வரிசைக்கும் செய்கிற பலகாரம் அது. அதைச் சத்துணவு என்று யாரும் ஏமாந்தது கிடையாது. நெய்யும் சீனியும் சேர்ந்தது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தெளிவு, பொட்டலத்தின் முகப்பில் இரண்டு சொற்கள் ஏறியதும் கலங்கிவிடுகிறது என்பதுதான் என் வாதம். சத்துக் கூற்றுகளில் பெரும்பாலானவை பொய்யில்லை. உண்மையாகவே இருந்துகொண்டு, வாங்குகிறவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை மறக்கடிக்கின்றன.

அளவுகோல் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதற்கு இன்னொரு கணக்கு. சாதாரணப் பச்சரிசியில் நூற்றுக்கு 7.9 கிராம் புரதம். 'புரதம் உள்ளது' என்று போடத் தேவை 5.4 கிராம். எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அரிசி மூட்டையே இந்தத் தேர்வில் பாஸ். அமெரிக்காவில் இதற்கு ஒரு சின்னக் கடிவாளம் உண்டு: ஒரு பரிமாறலில் (ஒரு தடவை சாப்பிடுவதாக வைத்துக்கொள்ளும் அளவில்) மொத்தக் கொழுப்பு 13 கிராமையோ, நிறைகொழுப்பு 4 கிராமையோ, சோடியம் 480 மில்லிகிராமையோ தாண்டினால், முகப்பில் சத்துக் கூற்றைப் போடும்போதே 'கொழுப்பு அளவுக்குச் சத்து அட்டவணையைப் பாருங்கள்' என்ற வகையில் பக்கத்தில் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த உணவு சத்துக் கூற்றுக்கே தகுதியற்றது என்று வரையறுக்கப்போவதாக 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதிக்கொண்டது. 2009 ஜனவரிக்குள் முடிக்க வேண்டிய வேலை, முடியவே இல்லை. நம் விதிமுறையில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட நிறைகொழுப்புக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்; புரதத்துக்கு அப்படி ஒரு துணை நிபந்தனை கிடையாது.

கொலஸ்ட்ரால் என்றதும் எண்ணெய் நினைவுக்கு வரும். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் எந்தக் காலத்திலும் கொலஸ்ட்ரால் இருந்ததில்லை. அது விலங்கிலிருந்து வரும் உணவில் இருப்பது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் இந்த விஷயத்தில் வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனாலும் 'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்று பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகியதன் பலன், அந்த எண்ணெயை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினால் தப்பில்லை என்ற நினைப்பு. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. 'சர்க்கரை இல்லை' என்று எழுதிய முறுக்குப் பொட்டலமும் இந்த வகைதான். தேன்குழலில் யார் சீனி போட்டார்கள்?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பலகார வியாபாரத்தின் முகம் மாறியிருக்கிறது. தகர டின்னிலிருந்து எடுத்து எடை போட்டுத் தாளில் கட்டிக் கொடுத்த சீப்புச் சீடையும் மனகோலமும் இப்போது ஜிப் வைத்த பையில் நிற்கின்றன. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிற பை அது; லேபிள் வேண்டும், உரிம எண் வேண்டும், சத்து அட்டவணை வேண்டும். வடிவமைக்கிறவர் முகப்பு காலியாக இருப்பதைப் பார்த்து 'ஏதாவது போடுங்க' என்கிறார். பாரம்பரியம், நார்ச்சத்து, ரசாயனமற்றது, வீட்டுத் தயாரிப்பு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாங்குபவருக்குத் தவறான எண்ணம் தரக்கூடிய 'வீட்டில் செய்தது' மாதிரியான சொற்களைப் போடக்கூடாது என்று அதே 2018 விதிமுறைகள் சொல்கின்றன. ஆலையில் செய்துவிட்டு வீட்டுப் பெயரைச் சொல்கிறவர்களுக்காக வந்த விதி. முற்றத்தில் அடுப்பு மூட்டி நிஜமாகவே வீட்டில் சுடுகிற ஆச்சிக்கும் அதை வாசித்தால் வயிற்றைக் கலக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது எழுத்து. லேபிளில் கட்டாயமாக இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரியில் எழுதிய இந்தியிலோ இருந்தால் போதும். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. கடை அலமாரியில் இதன் விளைவைப் பார்க்கலாம். முகப்பில் 'சத்தானது', 'நார்ச்சத்து நிறைந்தது', 'எலும்புக்கு வலு' எல்லாம் கொட்டை எழுத்தில் தமிழில். திருப்பினால், சேர்மானப் பட்டியலும் சத்து அட்டவணையும் எறும்பு ஊர்வதுபோல் ஆங்கிலத்தில். விற்பதற்குத் தமிழ், விவரத்துக்கு ஆங்கிலம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குப் பொட்டலத்தின் பாதிதான் கிடைக்கிறது, அதுவும் விளம்பரப் பாதி. பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்கிறவர்கள், திருப்பிய பிறகு என்ன கிடைக்கும் என்று யோசித்திருக்கிறார்களா? சத்துக் கூற்றை எந்த மொழியில் போடுகிறார்களோ, அந்த மொழியில் அட்டவணையும் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அச்சுச் செலவு பெரிதாக ஏறாது.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் தப்பித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அட்டவணையில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன: நூறு கிராமுக்கு எவ்வளவு, ஒரு பரிமாறலில் நாள் தேவையில் எத்தனை சதவீதம். பரிமாறல் அளவைத் தீர்மானிப்பது தயாரிப்பாளர். கைமுறுக்கு 150 கிராம் பொட்டலம் ஒன்றில் நூற்றுக்கு 30 கிராம் கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். பரிமாறல் 20 கிராம் என்று போட்டால், கொழுப்பு 6 கிராம். நாள் அளவு 67 கிராமில் 9 சதவீதம். பார்க்கச் சாதுவாக இருக்கிறது. மழை நாளில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பொட்டலத்தை முடித்தால் 45 கிராம், 67 சதவீதம். இந்தச் சதவீதங்கள் எல்லாம் நாளொன்றுக்கு 2,000 கலோரி என்ற பொதுக்கணக்கில் போட்டவை என்பதும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

'25 சதவீதம் உப்புக் குறைவு' வகைக் கூற்று இன்னும் நுணுக்கமானது. ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமானால் குறைந்தது 25 சதவீத வித்தியாசம் வேண்டும் என்பது விதி, நியாயமான விதி. ஆனால் நூறு கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் இருந்த வற்றல் ஒன்று 600-க்கு இறங்கினாலும் இந்தக் கூற்றைப் போட்டுக்கொள்ளலாம். 'சோடியம் குறைந்தது' என்று நேரடியாகச் சொல்ல வேண்டுமானால் 120-ஐத் தாண்டக்கூடாது. ஐந்து மடங்கு தள்ளி நிற்கிறது. வாங்குகிறவர் காதில் விழுவது 'குறைவு' மட்டும். போதாததற்கு லேபிளில் எழுதுவது சோடியம், சமையலில் போடுவது உப்பு. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு: 2,000 மில்லிகிராம் சோடியம் என்பது 5 கிராம் உப்பு, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

ராகி சேமியாவுக்கு வருவோம். மைதாவில் நார்ச்சத்து நூற்றுக்கு 2.8 கிராம், ராகியில் 11 கிராம். 'நார்ச்சத்து உள்ளது' என்று போட 3 கிராம் போதும். தொண்ணூறு பங்கு மைதாவில் பத்துப் பங்கு ராகி கலந்தாலே 3.6 வந்துவிடும். முகப்பில் ராகிக் கதிர் படமும் போடலாம். ஒரு சேர்மானத்தைப் படத்தாலோ சொல்லாலோ தூக்கிக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்று சொல்லியாக வேண்டும் என்பது லேபிள் விதிகளில் எனக்குப் பிடித்த பகுதி. சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு இறங்கும் என்பதும் உண்டு. முதல் பெயர் மைதாவா ராகியா என்று பார்த்தால் கதை முடிந்தது. மறுபடியும், அந்தப் பெயர் இருப்பது ஆங்கிலத்தில்.

தமிழ்நாட்டில் மிக அதிகம் விற்கிற சொல் 'சர்க்கரை இல்லை'தான். 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' நீரிழிவு ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. பலகாரக் கடையில் இது இப்படி ஒலிக்கும்:

"தம்பி, இதுல சீனி கிடக்கா?"

"இல்ல ஆச்சி. வெல்லந்தான், சுத்தமான நாட்டு வெல்லம்."

"அப்ப அப்பச்சிக்கு ரெண்டு பாக்கெட் போடு."

கடைக்காரத் தம்பி பொய் சொல்லவில்லை, ஆச்சியும் அசட்டையாக இல்லை. வெல்லத்தில் இரும்பும் தாதுக்களும் கொஞ்சம் இருக்கின்றன. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். ரத்தத்தில் ஏறுவதும் அதே. கருப்பட்டியும் அப்படித்தான். வெல்லம் போட்ட பொருளில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட விதியில் இடமில்லை; தேன், பாகு போன்ற எந்தச் சர்க்கரையும் சேர்ந்திருக்கக்கூடாது. அதனால் அச்சில் வருவது 'வெள்ளைச் சர்க்கரை இல்லை'. இது உண்மை. அந்த 'வெள்ளை' என்ற ஒரு சொல்லில் வண்டி ஓடுகிறது. அதிரசத்தில் வெல்லம் தவிர அரிசி மாவும் இருக்கிறது, அதன் மாச்சத்தும் குளுக்கோஸாகத்தான் முடியும்.

நிஜமாகவே சர்க்கரை இல்லாத இனிப்புகளும் வந்துவிட்டன. நூறு கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை கூடாது என்ற கட்டளையை அவை மீறுவதில்லை. மால்டிடால் போன்ற மாற்று இனிப்பூட்டிகளைச் சேர்க்கிறார்கள். அதற்கும் கலோரி உண்டு, அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு வரும். 2024 மே மாதம் ஐசிஎம்ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சர்க்கரை இல்லை என்று விற்கும் பொருள்களில் கொழுப்பும் தீட்டிய தானியமும் மறைமுகச் சர்க்கரையும் நிறைந்திருக்கலாம் என்று வெளிப்படையாகவே எச்சரித்தது.

கவுனி அரிசிக்கும் இந்தச் சொல் அலை வந்து சேர்ந்திருக்கிறது. பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கறுப்பரிசி, இங்கே கல்யாண வீட்டுக் காலைப் பந்தியில் இனிப்பாக வருவது: ஊறவைத்து, குழைய வேகவைத்து, சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டது. தவிட்டோடு இருக்கிற அரிசி என்பதால் நார்ச்சத்தும் அந்தக் கருநீல நிறத்தைத் தரும் ஆந்தோசயனினும் அதில் உண்டு. தீட்டினால் இரண்டும் போகும். இப்போது கவுனிக் கஞ்சி மாவு, கவுனி அவல், கவுனி முறுக்கு. முறுக்கில் கவுனி எத்தனை சதவீதம், எண்ணெய் எவ்வளவு என்று கேட்டால் சங்கடம். நீரிழிவைக் கட்டுப்படுத்தும், புற்றுநோயைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் என்ன வேண்டுமானாலும் சுற்றட்டும். நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று உணவுப் பொட்டலத்தில் போட சட்டம் இடம்தராது.

இந்தக் கூற்றுகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முகப்பில் சத்துக் கூற்று இருந்தபோது பலர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டார்கள். பொருளின் மீது நல்லெண்ணமும் கூடியது. 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கூற்று உள்ள உணவு தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு 75 சதவீதம் கூடுதலாக இருந்தது. பரிசோதனைச் சூழலில் வந்த எண் அது. நிஜக் கடைகளில் இந்த விளைவு குறைவு என்பதையும் அவர்களே குறித்திருக்கிறார்கள். காரைக்குடிக் கடைத்தெருவில் விலையும் பழக்கமும் கடைக்காரர் சொல்லும் இன்னும் பலமானவை என்பது என் எண்ணம்.

உதவுகிற கூற்றே இல்லையா என்றால், இருக்கிறது. வாங்குகிறவர் எதைத் தேடுகிறார் என்று தெளிவாகத் தெரிந்து வந்தால் உதவும். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவருக்கு 'குளூட்டன் இல்லை' என்பது உயிர்ச் செய்தி. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற உறுதியான வரம்பு அதன் பின்னால் நிற்கிறது. ஆனால் 'சோடியம் குறைந்த உப்பு' அப்படி எல்லாருக்கும் பொருந்தாது. சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பு அது. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு நல்லது. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறினால் ஆபத்து. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விலக்கியே சொன்னது. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே குழம்பைச் சாப்பிடுகிறார்கள். முகப்பில் இருப்பதோ 'இதயத்துக்கு நல்லது' என்ற பாவனை.

ஆணையம் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. 2024 ஏப்ரலில், பால், தானியம், மால்ட் சார்ந்த பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்குச் சொன்னது. ஜூனில், கெட்டியாக்கிய சாற்றில் தண்ணீர் சேர்த்துத் தயாரித்த பானத்துக்கு '100 சதவீதப் பழச்சாறு' என்ற கூற்றை எடுக்கச் சொன்னது. ஆகஸ்ட் 21-இல், பாலிலுள்ள புரத வகையைச் சொல்லி விற்கும் 'ஏ1, ஏ2 பால்' கூற்றுகளை நீக்கச் சொல்லி, ஐந்தே நாளில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. கடைசிச் சம்பவம் யார் கை எவ்வளவு நீளும் என்பதைக் காட்டியது.

பெரிய கேள்வி முகப்பு முத்திரை. 2022 செப்டம்பரில் ஆணையம் வெளியிட்ட வரைவு, அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை தரும் முறையை முன்வைத்தது. அதில் சீனி, உப்பு, நிறைகொழுப்புக்குக் கழிக்கும் புள்ளிகளைப் புரதம், நார்ச்சத்து, பருப்பு, கொட்டை போன்றவற்றுக்குக் கிடைக்கும் புள்ளிகள் ஈடுகட்டும். மாவுருண்டைக் கதை மறுபடி. பாசிப்பருப்பு இருப்பதால் சீனி கரைந்து போகாது, ஆனால் நட்சத்திரத்தில் கரையும். சிலி நாட்டில் 2016 முதல் வேறு வழி: சீனி, உப்பு, நிறைகொழுப்பு, கலோரி வரம்பைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்பு எண்கோணம், ஈடுகட்டலே கிடையாது. அந்தச் சட்டத்துக்குப் பின் வரம்பு மீறிய பானங்களின் விற்பனை அளவு ஏறத்தாழ 24 சதவீதம் இறங்கியது. விளம்பரக் கட்டுப்பாடும் கூடவே வந்ததால் முழுப் புகழும் முத்திரைக்குச் சேராது. இந்தியாவில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நிபுணர் குழு மூன்று மாதத்தில் பரிந்துரை தர வேண்டும் என்றது. ஜூலையில் அவகாசம் நீண்டது.

கறுப்பு முத்திரை வந்தால் நம் பலகாரங்கள் எல்லாம் மாட்டும் என்பது தொழில் செய்கிறவர்களின் பயம். மாட்டும்தான். அதிரசத்துக்கு இரண்டு மூன்று எண்கோணம் விழும், மனகோலத்துக்கும் விழும். அதனால் அதிரசம் வாங்குகிறவர் குறைந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. இனிப்பு என்று தெரிந்துதான் எல்லாரும் வாங்குகிறார்கள். அடி விழப்போவது காலை டிபனுக்கு நல்லது, பிள்ளை வளர்த்திக்கு நல்லது என்று சொல்லி விற்கிற பிஸ்கட்டுக்கும் பானத்துக்கும் சத்துமாவுக்கும். எதிர்ப்பின் பெரும்பகுதி அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டு, ஆச்சிகளின் அடுப்பைக் காட்டிப் பேசுவதை நான் அப்படியே நம்பமாட்டேன். சிறு தயாரிப்பாளருக்கு ஆய்வகச் செலவு நிஜமான சுமை. அதற்கு வழி, இந்த ஊர்ப் பலகாரங்கள் இருபது முப்பதுக்குப் பொதுவான சத்துக் கணக்கு ஒன்றை அரசே போட்டுத் தருவது. அளவு தெரிந்த செய்முறைகள்தான், பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.